உங்களைச் சொல்லவில்லை

புலம்பெயர்ந்த தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு காட்சி மனப்பாடமாகியிருக்கும். அலுவலகச் சமையலறை, காபி இயந்திரம், முதுகைக் காட்டி நிற்கும் இரண்டு சக ஊழியர்கள். அவர்களில் ஒருவர் நம் ஆட்களைப் பற்றியோ, நம் உச்சரிப்பைப் பற்றியோ, மைக்ரோவேவில் சூடாகும் நம் குழம்பின் வாசனையைப் பற்றியோ ஏதோ சொல்கிறார். அது கதைசொல்லியின் காதில் விழுகிறது. அவர் காலிக் கோப்பையோடு தன் மேசைக்குத் திரும்புகிறார். வெளியே மழை பெய்கிறது, அல்லது பனி. கதை முடிந்துவிடுகிறது.

இத்தகைய கதைகள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. முதுகலை படிக்கப் பிரிட்டன் வந்து, பிறகு தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாக வெவ்வேறு நிறுவனங்களின் அலுவலகங்களில் உட்கார்ந்து இருபது ஆண்டுகளாகிவிட்டன. அந்தச் சமையலறை எனக்கும் தெரியும். என் குறை இலக்கியம் சார்ந்தது. கதை தொடங்கவேண்டிய இடத்தில் இவை முடிந்துவிடுகின்றன. சொல்லப்பட்ட வாக்கியம் மட்டுமே கதையின் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. கேட்டவர் வெறும் காதாக நிற்கிறார். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் ஒரு தடயப் பொருளைத் தூக்கிக் காட்டுவதுபோல எழுத்தாளர் அந்த வாக்கியத்தைத் தூக்கிக் காட்டுகிறார். வாசகர் அதிர்ச்சியடைய வேண்டும். ஆனால் இதழைக் கையில் எடுத்த வாசகர் ஏற்கெனவே நம் கட்சி. அவருக்குப் புதிதாகத் தெரியவருவது எதுவுமில்லை.

இந்தக் கேட்டலுக்குத் தமிழில் என்ன பெயர்? 'ஒட்டுக்கேட்டேன்' என்றால் காது குற்றவாளி ஆகிவிடுகிறது. 'காதில் விழுந்தது' என்றால் சொல்தான் வந்து விழுந்தது, காதுக்குப் பொறுப்பே இல்லை. திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் உண்டு, 42ஆவது. அது கற்றவர்கள் சொல்வதைத் தேடிச்சென்று கேட்பது. 'ஒற்றாடல்' என்று இன்னோர் அதிகாரம், 59ஆவது. அது அரசனுக்காக வேவு பார்ப்பது. அலுவலகத்தில் நமக்கு நேர்வது இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நாம் தேடிப் போகவில்லை. ஆனால் கேட்ட பிறகு நகர்ந்துவிடுவதும் இல்லை.

இந்த நடு இடத்தை ஆராய நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் கீழே பிற்காலத்தார் சேர்த்த துறைக் குறிப்புகளில் 'சிறைப்புறம்' என்ற சொல் அடிக்கடி வரும். சிறை என்றால் இங்கே வேலி அல்லது மதில். தலைவன் இரவில் வந்து வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள்போல அவள் தலைவியிடம் பேசுகிறாள்: ஊர் பேசத் தொடங்கிவிட்டது, அம்மா காவலை இறுக்கிவிட்டாள், இனி இது தாங்காது. பேச்சு தலைவியை நோக்கி, குறி தலைவன்மேல். அவன் இதைக் கேட்டு மணம் பேச வரவேண்டும். பாடலில் அவன் வாய் திறப்பதில்லை, சில நேரம் பாடலுக்குள் அவன் இருப்பதற்கான அடையாளமே இல்லை. ஆனாலும் பாட்டு முழுவதும் அவன்மேல்தான் அழுத்துகிறது. கேட்டவன் இனி என்ன செய்யப்போகிறான் என்பதே கேள்வி. வீட்டுத் திண்ணையில் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல மருமகளைக் குத்தும் சாடைப் பேச்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அலுவலக வேலிகள் இன்னும் தாழ்வானவை. அங்கே சொன்னவருக்கு நாம் நிற்பது தெரியுமா தெரியாதா என்பதே பல நேரம் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அதிர்ச்சியைவிட இந்தத் தெளிவின்மைதான் நாள் முழுவதும் கூட வருவது. ஆனால் நம் கதைகள் இதற்குள் போவது அரிது. சொன்னவர் தெரியாமல் சொன்னார், நாம் தெரியாமல் கேட்டோம் என்று இரண்டு பக்கமும் கணக்கை முடித்துவிடுகின்றன.

இந்த இடத்தில் கதையைத் தொடங்குவது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிளாடியா ரான்கினின் 'சிட்டிசன்'. ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் எழுதும் கறுப்பினக் கவிஞர் அவர். 2014இல் வந்த இந்த நூல் உரைநடைக் கவிதைகளும் கட்டுரைகளும் படங்களும் கலந்தது. அமெரிக்க விமர்சகர் வட்டத்தின் பரிசுக்குக் கவிதை, விமர்சனம் ஆகிய இரு பிரிவுகளிலும் அது பரிந்துரைக்கப்பட்டது. கவிதைக்கான பரிசைப் பெற்றது. நூலின் பெரும்பகுதி அன்றாடம் காதில் விழும் சொற்களால் ஆனது. ஒரு பகுதியில், கூட்ட அறைக்கு வெளியே 'நீ' நின்றுகொண்டிருக்கிறாய். உள்ளே இரண்டு ஆண்கள் மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கறுப்பர்களோடு இருப்பதை மொழிபெயர்ப்பு இல்லாத அயல்நாட்டுப் படம் பார்ப்பதோடு ஒப்பிடுகிறார். அடுத்த இரண்டு மணி நேரம் அவர்களோடு ஒரே வட்டமேசையில் உட்கார வேண்டும். ஆகவே உள்ளே போகச் சில நிமிடம் தாமதிக்கலாமா என்று 'நீ' யோசிக்கிறாய். அவ்வளவுதான்.

நம் கதை முடிகிற அதே புள்ளியைத் தாண்டி ரான்கின் ஓர் அடி வைக்கிறார். சொன்னவர் அறைக்குள் நிம்மதியாக இருக்கிறார். கேட்டவர்தான் சொன்னவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தாமதித்து நுழைந்தால் கேட்கவில்லை என்று எல்லோரும் நம்பலாம், கூட்டம் நடக்கும். அந்தச் சில நிமிடங்களை யாருடைய சம்பளக் கணக்கில் எழுதுவது? அதிர்ச்சியான வாக்கியத்தைவிட இந்தக் கேள்விதான் நினைவில் தங்குகிறது. 'நான்' என்று எழுதாமல் 'நீ' என்று எழுதியதில் இன்னொரு பயன் இருக்கிறது. வாசகர் யாராக இருந்தாலும் கதவுக்கு வெளியே நின்றாக வேண்டும். உச்சுக்கொட்டிவிட்டு நகர முடியாது.

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் வேலை. மென்பொருளைச் சோதிக்கும் குழு சென்னையில், நாங்கள் நால்வர் இங்கே. வாராந்தரத் தொலைபேசிக் கூட்டம் முடிந்து இணைப்பைத் துண்டித்ததும் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எதைக் கேட்டாலும் 'யெஸ்' என்பார்கள். கட்டடம் தீப்பிடித்திருக்கிறதே, பரவாயில்லையா என்று கேட்டால் அதற்கும் 'யெஸ்'தான்." சிரிப்பு எழுந்தது. பிறகு நான் அங்கே இருப்பதை அவர் கவனித்தார். "உன்னைச் சொல்லவில்லை" என்றார். "அந்தக் குழுவை அமைத்தவன் நான்தான்" என்றேன். அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

இதைக் கதையாக எழுதினால் என் பதிலோடு முடிக்கத் தோன்றும். வாசகர் கைதட்டுவார். ஆனால் இதில் எழுதத் தகுந்தது என் பதில் அல்ல, தீப்பிடித்த கட்டட நகைச்சுவையும் அல்ல. 'உன்னைச் சொல்லவில்லை' என்ற இரண்டு சொற்கள். அது மன்னிப்புபோலத் தோன்றும், மன்னிப்பு அல்ல. அது ஒரு நாற்காலி. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்களிடமிருந்து என்னை வெட்டி எடுத்து மேசையின் இந்தப் பக்கத்தில் உட்காரவைக்கும் அழைப்பு. மறுக்க வேண்டுமானால் பேசியாக வேண்டும். ஏற்றுக்கொள்ள மௌனமே போதும். புலம்பெயர்ந்த நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கைக் கதையே இந்த நாற்காலியைப் பற்றியதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஏச்சுகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த அழைப்பைப் பற்றி நாம் எழுதவில்லை.

இன்னொரு பக்கமும் விடுபட்டிருக்கிறது: சொன்னவரின் காது. 2010 ஏப்ரல் 28 அன்று, தேர்தல் பிரசாரத்தின்போது, பிரிட்டனின் பிரதமராக இருந்த கார்டன் பிரவுன் ராச்டேல் நகரில் ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவரோடு தெருவில் உரையாடினார். குடியேறிகளைப் பற்றியும் அவர் கேட்டார். பிரவுன் இன்முகத்தோடு விடைபெற்றுக் காரில் ஏறினார். சட்டையில் தொலைக்காட்சிக்காரர்களின் ஒலிவாங்கி இருந்ததை மறந்து, அந்தப் பெண்மணியைக் காழ்ப்புக் கொண்டவர் என்று உதவியாளரிடம் சொன்னார். நாடே கேட்டது. சிறிது நேரத்தில் பிபிசி வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அங்கே கேமராவும் இருந்தது. அவர் நெற்றியைக் கையில் தாங்கித் தலைகுனிந்து தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

அன்று எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: முகமூடி கழன்றது, உண்மை முகம் தெரிந்தது. இந்த முடிவை எழுத்தாளர் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே சொன்னது பொய், முதுகுக்குப் பின்னால் சொன்னது மெய் என்பது வசதியான சூத்திரம். தெருவில் காட்டிய பொறுமையும் காரில் வெடித்த எரிச்சலும் ஒரே ஆளுடையவை. நாவலுக்கு இரண்டும் வேண்டும். நம் கதைகளின் வெள்ளைக்கார மேலாளருக்குக் காருக்குள் இருக்கும் வாய் மட்டுமே தரப்படுகிறது. அவர் தன் குரலைத் தானே கேட்கும் காட்சியை எழுதிய தமிழ்க் கதை ஒன்றும் எனக்கு நினைவில்லை.

நகைச்சுவைக்காரர்கள் இதில் நம்மைவிட முந்திக்கொண்டார்கள். பிபிசியில் வானொலித் தொடராகத் தொடங்கி 1998இல் தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'யின் புகழ்பெற்ற காட்சி பலருக்கு நினைவிருக்கும். பம்பாயில் ஓர் ஆங்கில உணவகம். வெள்ளிக்கிழமை இரவு, குடித்துவிட்டு வரும் இந்திய இளைஞர்கள் பரிமாறுபவரின் ஆங்கிலப் பெயரைக் கொலைசெய்கிறார்கள், இருப்பதிலேயே சப்பென்று இருக்கும் பண்டத்தைக் கேட்கிறார்கள். பிரிட்டனின் கறிக்கடைகளில் பல ஆண்டுகளாகக் காதில் விழுந்தவற்றை அப்படியே திருப்பிப் போட்டதுதான் அந்தக் காட்சி. ஆனால் எனக்கு அதைவிட ஆழமாகத் தோன்றுவது அதே தொடரின் கபூர் குடும்பம். தங்கள் பெயரைக் 'கூப்பர்' என்று சொல்லிக்கொள்பவர்கள். அவர்களுடைய நண்பர்கள் ரவீந்திரநாத் குடும்பம் 'ராபின்சன்' ஆகிவிட்டது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் என்ன நினைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே வாழும் மனிதர்கள். முதல் காட்சி பழிதீர்க்கிறது, நாம் சிரிக்கிறோம். இரண்டாவதில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தவர்கள் முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

இனி நம் மொழிக்கு வருவோம். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்ற பழமொழியை வெளிநாட்டுக்கு வந்ததும் முதலில் மறக்கிறோம். நம்மைச் சுற்றித் தமிழ் தெரியாத கூட்டம் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒரு மதில்போல நம்மைச் சூழ்ந்திருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலின் நார்தர்ன் வரியில், டூட்டிங் பக்கம், ஒரு மாலை. நடுவயதுப் பெண்மணி ஒருவர் கைபேசியில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். வாடகைக்கு விடும் வீட்டைப் பற்றிய பேச்சு. "இல்லை அண்ணை, காப்பிலிக்குக் குடுக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்." அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பின இளைஞர் கண்மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே பள்ளிச் சீருடையில் இருந்த மாணவி ஒருத்தி தலையை நிமிர்த்தி அந்த இளைஞரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

வீடு வாடகைக்கு விடுவதிலும் வேலையிலும் நிறப் பாகுபாட்டைப் பிரிட்டனில் தடைசெய்தது 1968ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு முன் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் ஒரே கதவைத்தான் சாத்தினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பின் வந்து, அதன் நிழலில் வீடு வாங்கியவர்கள் நாம். 'காப்பிலி' என்ற சொல்லைப் புலம்பெயர் தமிழர் வீடுகளில் அறியாதவர் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் அதே வேலையைச் செய்ய வேறு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் காதில் விழுந்தால் அது சாட்சியம், தமிழில் வாயிலிருந்து விழுந்தால் அது காற்று. இந்த இரட்டைக் கணக்கை நம் புனைவு இன்னும் கேள்வி கேட்கவில்லை.

சாதி இன்னும் நுட்பமான காதைக் கேட்கிறது. ஒரு விருந்தில், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம், வந்திராத ஒரு சக ஊழியரைப் பற்றி ஒருவர் சொன்னார்: "கோட்டாவுல வந்த ஆளு. அதான் கோடு அந்த லட்சணத்துல இருக்கு." உடனே என் பக்கம் திரும்பி, "உங்களைச் சொல்லலை சார், பொதுவாச் சொன்னேன்" என்றார். என் சாதி அவருக்குத் தெரியாது. அன்று மாலை முழுவதும் சொந்த ஊர் எது, டவுனா கிராமமா, அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டும் அவருக்கு அது பிடிபடவில்லை. ஆங்கிலேயரின் 'உன்னைச் சொல்லவில்லை' ஒரு நாற்காலி என்றேன். இது வேறு. இது ஒரு கேள்வி. அதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

இதை விருந்துப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு பொறியாளர்கள் மீதும் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது அந்த மனுவின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது மறுக்கப்பட்டது, 2023 ஏப்ரலில் அந்த இருவர் மீதான வழக்கைத் துறையே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. எது மெய் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. என் கவனம் வேறொன்றில். சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டதாகக் கூறப்படும் ஒரு வாக்கியம் இத்தனை பெரிய வழக்குக்குள் போயிருக்கிறது. அது நடந்ததாகச் சொல்லப்படும் இடம், இந்த இதழின் வாசகர்களில் பலர் தினமும் போய்வரும் மாதிரியான அலுவலகம். ஆயினும் மைக்ரோவேவ் குழம்பைப் பற்றி நான் படித்த கதைகளில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் படித்ததில்லை.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அசோகமித்திரன் 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். அந்த அனுபவத்திலிருந்து வந்த நாவலுக்கு அவர் வைத்த பெயரே 'ஒற்றன்!'. பல நாட்டு எழுத்தாளர்கள், பலருக்கும் இரவல் மொழியான ஆங்கிலத்தில், ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்வதைக் கதைசொல்லி கவனித்துக்கொண்டே இருக்கிறார். தீர்ப்புச் சொல்வதில்லை. தன்னையும் அந்தக் கூட்டத்தின் விசித்திரங்களில் ஒருவராகவே வைத்துக்கொள்கிறார். அடுத்து, ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில் ஓர் இடம். பாரிஸ் புறநகரில் தன்னைச் சுற்றி நடக்கும் நகைச்சுவைப் பேச்சின் சொற்கள் புரிந்தாலும் சிரிப்பு வருவதில்லை என்று தீபன் சொல்கிறான். உனக்குத் தமிழிலும் நகைச்சுவை உணர்வு கிடையாது என்று யாழினி சொல்லிவிடுகிறாள். அகதியின் அந்நியத்தை மொழியின்மேல் மட்டும் சுமத்தும் வழக்கத்தை அந்த ஒரு பதில் கலைத்துவிடுகிறது. இரண்டிலும் கேட்பவர் புனிதர் அல்ல. அதனாலேயே அவர் காதை நம்ப முடிகிறது.

ரயிலில் நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கோலியர்ஸ் வுட் நிலையத்தில் அந்தப் பெண்மணி எழுந்தபோது, எதிரே இருந்த மாணவியும் எழுந்து அவருடைய காய்கறிப் பையை வாங்கிக்கொண்டாள். மகளாக இருக்க வேண்டும்.

தமிழ் புரியும், பேச வராது என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். அதாவது, வீட்டுப் பேச்சு அனைத்தையும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டு வளர்ந்தவர்கள். வாடகைக்காரர்களைப் பற்றி, மாப்பிள்ளையின் சாதியைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தைப் பற்றி நாம் சொன்ன அனைத்தும் அவர்களிடம் இருக்கிறது. பள்ளியிலும் வேலையிடத்திலும் ஆங்கிலத்தில் காதில் விழுவதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே காதால் கேட்டவர்கள் அவர்கள்தான். எங்கள் தலைமுறைக்கு அந்தக் காது கிடையாது. நாங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டோம், மறுபக்கத்தில் பேசினோம்.

அவர்கள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள், அவர்களிடமிருந்து இன்னுமொரு சமையலறைக் கதையைக் கேட்டு வாங்காதீர்கள். அந்த மாணவி என்றாவது அந்த ரயில் பயணத்தை எழுதினால், பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்த பத்து நிமிடம் அதில் இருக்க வேண்டும். அம்மாவிடம் எதையாவது கேட்டாளா, கேட்காமல் இருந்தாளா என்பது இருக்க வேண்டும். அந்தக் கதையைத் தமிழில் படிக்கும்போது நமக்குக் கசக்கும். 'உங்களைச் சொல்லவில்லை' என்று அவள் நம்மைத் தேற்ற மாட்டாள். அதையும் இந்த இதழ் அச்சிட வேண்டும்.